எங்கள் ஆட்டத்தையும் ஒருவர் பார்க்கட்டும்: நடுவர் குழுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்திலும் ஏற்காட்டிலும் நடக்கும் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு நடுவர்களை அனுப்பும் நம் குழுவின் பொறுப்பாளர்களுக்கும் மூத்த நடுவர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் நான்கு வரி வந்தது. பள்ளிகளிடமிருந்து புகார்கள் வந்திருப்பதால், இரண்டு வருட அனுபவம் நிறையாதவர்கள் வரும் சீசனில் விசில் எடுக்க வேண்டாம், மேசைப் பணி (ஸ்கோர் எழுதுவது, கடிகாரம் பார்ப்பது) மட்டும் பார்க்கவும் என்று அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு இனி கிடையாது என்பது கடைசி வரி. அதன் கீழே பதினொரு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. காரணம் என்ன, எந்த ஆட்டம், என்ன புகார் என்று கேட்டேன். "முடிவு எடுத்தாச்சும்மா" என்று ஒரே பதில் வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

நான் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். பகலில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆறு வருடம் கார்டாக (பந்தைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தை நடத்துபவராக) ஆடினேன். போன வருடம் ஆனி மாதத்தில் முதல்முதலாக விசிலைக் கழுத்தில் மாட்டினேன். இதுவரை 58 ஆட்டங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு மூன்று பத்தி. என்ன ஊதினேன், எதை விட்டேன், யாரிடம் என்ன கேட்க வேண்டும். மூன்றாவது பத்தியில் பாதிக்கு மேல் பதில் இல்லாமல் கிடக்கிறது. கேட்க ஆள் இருந்தது, உட்கார்ந்து சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

புகார்கள் மூன்று என்று அப்புறம் வேறு வழியில் தெரிந்தது. அதில் இரண்டு என் ஆட்டங்கள். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒரு பையன் மூன்று அடி வைத்து லே-அப் (ஓடி வந்து ரிங் அருகே எழும்பிப் போடுவது) போட்டான், நடுவர் டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைக்கும் தவறு) கொடுக்கவில்லை என்பது. அந்த ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரிங்குக்கு வலப்பக்கமாக ஓடி வந்த வேகத்திலேயே பாஸை வாங்கினான். பந்து இரண்டு கைக்குள் அடங்கியபோது அவனுடைய இடது கால் தரையில் இருந்தது. அப்புறம் வலது, அப்புறம் இடது, எழும்பிப் போட்டான். பெஞ்சிலிருந்து "மேடம், ஸ்டெப்ஸ்! ஸ்டெப்ஸ்!" என்று ஒரே சத்தம். நான் ஊதவில்லை. ஊதக்கூடாது. 2017 அக்டோபரிலிருந்து ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதி அப்படித்தான் சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பந்தைப் பிடிப்பவருக்கு, பிடித்த நொடியில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதன் பிறகுதான் ஒன்று, இரண்டு. நாம் ஜீரோ ஸ்டெப் என்று சொல்கிறோமே, அதுதான். நின்றபடி பிடித்தவருக்கு இது பொருந்தாது. அந்த வித்தியாசம் அரை நொடியில் கண்ணில் பட வேண்டும். அதற்காக நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் பின்னறையில் உட்கார்ந்து, செல்போனில் ஆட்டங்களை மெதுவாக ஓடவிட்டு, எந்தக் கால், எந்தக் கால் என்று மேசைமேல் விரலால் தட்டித் தட்டிப் பழகினேன். எத்தனை நாள் என்று எண்ணவில்லை.

அந்தக் கோச் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் ஆடிய காலத்து விதியை வைத்துக் கத்தினார். அவர் புகார் எழுதிக் கொடுத்தபோது, "சார், விதி மாறியிருக்கிறது, அந்தப் பொண்ணு சரியாகத்தான் விட்டிருக்கிறாள்" என்று அவரிடம் சொல்லும் இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். நீங்கள் அதைச் சொல்லவில்லை. புகாரை வாங்கி எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டீர்கள்.

இரண்டாவது, ஏற்காட்டில் ஆட்டத்தை நிறுத்தி நேரத்தை வீணாக்கினார் என்பது.

அன்று காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் ஜன்னல் கண்ணாடியில் ஈரம் படிந்துவிட்டது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கார்த்திகை மாதத்து மலை. என்னோடு இன்னொரு நடுவர் வருவதாக ஏற்பாடு. பஸ் மேலே போய்ச் சேர்ந்தபோது போன் வந்தது. அவரைக் கீழே வேறு மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்களாம், "நீங்களே பாத்துக்கங்க, ரெண்டே மேட்ச்தான்" என்றார்கள். அங்கே போனால் ஐந்து மேட்ச்.

முதல் ஆட்டம் பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள். சிமெண்டுத் தரை, மேலே பெயிண்ட். ஒரு பக்க ரிங் அடியில் நின்று பார்த்தால் எதிர்ப்பக்க ரிங் தெரியவில்லை. போர்டின் சட்டம் மட்டும் மங்கலாக ஒரு சதுரம். ஆரம்பித்து மூன்று நிமிடத்தில் ஒரு பெண் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடையில்லாமல் ரிங்குக்குப் போடுவது) கோட்டருகே வழுக்கினாள். எழுந்து ஷூவின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு ஓடினாள். அடுத்த தடவை இன்னொருத்தி முட்டி பதிய விழுந்தாள். நான் ஊதி நிறுத்தினேன். என் ஷூவைத் தரையில் அழுத்தி எடுத்தேன். அந்தத் தடத்தில் தண்ணீர் கசிந்து வந்து நின்றது. மேலே ஆட விடவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார், பிள்ளைகளுக்குப் பஸ் நேரம் ஆகிவிடும் என்றெல்லாம் சொன்னார்கள். ஒருவர் உங்களுக்கே போன் போட்டார். நான் நகரவில்லை. பெரிய வகுப்புப் பையன்கள் கோணிப்பை கொண்டுவந்து கோர்ட்டை முழுக்கத் துடைத்தார்கள். பனியும் கொஞ்சம் விலகியது. 35 நிமிடம் கழித்து ஆட்டம் மறுபடி தொடங்கியது. அன்று யாருக்கும் அடிபடவில்லை. நிலைமை சரியில்லை என்றால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் தலைமை நடுவருக்கு உண்டு என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கே இருந்த ஒரே நடுவர் நான்தான். அந்தப் பெண்களில் யாராவது கணுக்காலை உடைத்துக்கொண்டிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்கிறேன்.

அதே காலையில் என் விசிலும் ஒருமுறை அடைத்துக்கொண்டது. உள்ளே குண்டு உருளுகிற பழைய மாதிரி. ஈரத்தில் குண்டு ஒட்டிக்கொண்டு காற்று மட்டும் வந்தது. அடுத்த வாரமே குண்டு இல்லாத ஃபாக்ஸ் 40 வாங்கினேன். அதைக் கொண்டுவந்தவர் கனடாவைச் சேர்ந்த ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கூடைப்பந்து நடுவர். முக்கியமான ஒரு சர்வதேச ஆட்டத்தில் அவருடைய விசிலும் இப்படித்தான் சிக்கியது. அவர் காரணத்தைத் தேடிப் போனார், 1987ல் புது விசில் வந்தது. எங்கள் தவறுகளுக்கும் அப்படிக் காரணம் தேடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் நான் தவறு செய்திருக்கிறேன். அதைப் பற்றி யாரும் புகார் எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

பதினேழு வயதுக்குட்பட்ட பையன்கள் ஆட்டம், சேலத்தில், சாயங்காலம். அன்றும் நான் ஒருத்திதான். மூன்றாவது கால் பகுதி. ஒரு அணி ரீபவுண்டை (ரிங்கில் விழாமல் திரும்பிய பந்தை) எடுத்து வேகமாகப் போனது. கோர்ட்டின் நீளம் 28 மீட்டர். நான் பந்தோடு ஓடினேன். ஓடித்தான் ஆக வேண்டும், அந்தப் பக்கம் ஷாட் விழும்போது ரிங் அடியில் ஃபவுல் நடந்தால் பார்க்க வேறு யாரும் இல்லை. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் நடுக்கோட்டருகே ஒரு பையன் தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து ரத்தம் பனியனில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பையன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். முழங்கையால் இடித்தானா, தெரியாமல் பட்டதா, எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. பார்க்காததை ஊதவும் முடியாது.

அடிபட்ட பையனின் அப்பா பட்டறையிலிருந்து நேராக வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் கறை. கைக்குட்டையை மகன் வாயில் அழுத்தியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பாக்கலீங்களா?"

"பாக்கலீங்க" என்றேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து, அடிபட்டவனின் நண்பன் பழிக்குப் பழியாக அந்த இன்னொரு பையனை ஓங்கித் தள்ளினான். அதை நான் பார்த்தேன், அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல் (விளையாட்டு உணர்வுக்கு மாறான தவறு) கொடுத்தேன். விதிப்படி சரி. ஆனால் முதல் அடிக்கு விசில் இல்லை, இரண்டாவது அடிக்கு மட்டும் விசில். அந்தப் பையன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பெஞ்சில் போய்த் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டான். என் நோட்டில் அந்தப் பக்கத்தில் இரண்டாவது பத்தி முழுக்க அதுதான்.

எனக்குப் பின்னால் டிரெயில் இடத்தில் ஒரு நடுவர் வந்துகொண்டிருந்தால் இது நடந்திருக்காது. முன்னால் ஓடுகிறவர் லீட், பின்னால் வருகிறவர் டிரெயில். ஒருவர் பந்தையும் ரிங்கையும் பார்க்க, இன்னொருவர் பந்து இல்லாத இடத்தைப் பார்ப்பார். உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியபோதே இரண்டு பேரைத்தான் வைத்தார். பத்தாவது விதியில் ஆட்டக்காரர்களைக் கவனிக்க ஒருவர், பதினொன்றாவது விதியில் பந்தைக் கவனிக்க ஒருவர். இன்றைய ஃபிபா விதியிலும் ஒரு தலைமை நடுவர், அவரோடு ஒன்று அல்லது இரண்டு துணை நடுவர்கள். ஒற்றை ஆளாகப் போய் ஊது என்று இந்த இரண்டிலும் இல்லை. நாம்தான் அதை வழக்கமாக்கிக்கொண்டோம். அதிலும் புதியவர்களைத்தான் தனியாக அனுப்புகிறோம். சின்னப் பிள்ளைகள் ஆட்டம்தானே, யாராவது ஒருவர் போனால் போதும் என்று ஒரு நினைப்பு. என் 58 ஆட்டங்களில் 41ல் நான் தனியாக நின்றேன்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். தெரியும். பள்ளிகள் கொடுக்கும் பணம் இரண்டு பேருக்குப் பெட்ரோலுக்கே பத்தாது என்பதும் தெரியும். ஆனால் இந்தப் புதிய முடிவு அந்தப் பற்றாக்குறையை இன்னும் கூட்டத்தானே செய்யும்? இரண்டு வருடம் நிறையாத எங்கள் ஒன்பது பேரை மேசைக்கு அனுப்பிவிட்டால் விசில் எடுக்க மீதி இருப்பது ஏழு பேர். ஒரே சனிக்கிழமை மூன்று இடத்தில் ஆட்டம் என்றால் அந்த ஏழு பேரும் தனித்தனியாகத்தான் நிற்பார்கள். அனுபவம் உள்ளவர் என்பதற்காக முதுகில் கண் முளைத்துவிடாது.

என் 58 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் விஷயம் தெரிந்த ஒருவர் ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்தார். அவரும் நீங்கள் அனுப்பி வந்தவர் இல்லை. ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர். பேரனின் ஆட்டத்தைப் பார்க்க வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும், "கண்ணு, இங்க வா" என்றார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "வா, ஏதாச்சும் சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று பக்கத்துத் தட்டுவடை செட் கடைக்குக் கூட்டிப் போனார்.

தட்டு வந்ததும் ஒரு தட்டுவடையை எடுத்து நடுவில் வைத்தார். "இது தடுக்கிறவன்." இன்னொன்றை அதற்கு முன்னால் வைத்தார். "இது பந்தோட வர்றவன்." மூன்றாவதைத் தட்டின் ஓரத்தில், முதல் இரண்டுக்கும் நேர் பின்னால் வைத்தார். "இது நீ. சொல்லு, உனக்கு என்ன தெரியுது?" முன்னால் இருக்கும் ஒன்றுதான் தெரியும் என்றேன். அவர் என் தட்டுவடையை இரண்டு விரற்கடை பக்கவாட்டில் நகர்த்தினார். "இப்ப?" இரண்டுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி தெரிந்தது. "அந்தச் சந்துலதான் ஃபவுல் இருக்கு. நீ ரெண்டு அடி நகராம நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு, சத்தத்த வெச்சு ஊதற. அது தப்பு."

அப்புறம் பிளாக்கா சார்ஜா என்பதைச் சொன்னார். நான் அன்று மூன்று தடவை சார்ஜ் கொடுத்திருந்தேன், மூன்றும் ஊகம். பந்தோடு வருகிறவன்மேல்தான் என் கண் இருந்தது. "பந்து எங்கயும் தொலைஞ்சு போகாது கண்ணு. நீ தடுக்கிறவனப் பாரு. ரெண்டு காலும் தரையில ஊணி, அவன் பக்கம் திரும்பி நின்னுட்டானா? அதுக்கப்புறம் நெஞ்சுல வந்து மோதினா சார்ஜ். தடுக்கிறவன் லேட்டா பக்கவாட்டுல வந்து இடிச்சா பிளாக். அவன மொதல்லயே பாத்து வெச்சிருந்தாத்தான் மோதும்போது பதில் உன்கிட்ட இருக்கும்." ரிங்கின் கீழே இருக்கும் 1.25 மீட்டர் அரை வட்டத்தைச் சட்னியில் விரலால் வரைந்து காட்டினார். அதற்குள் நிற்பவனுக்கு சார்ஜ் வாங்கித்தர முடியாது என்று எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். ஆனால் ஆட்டத்தில் அந்தக் கோட்டின்மேல் இருக்கும் காலைத் தேட வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

கடைசியாக இன்னொன்று சொன்னார். கை பட்ட உடனே நான் ஊதிவிடுகிறேனாம். "பட்டதெல்லாம் ஃபவுல் இல்ல. பட்டதால அவனுக்கு என்ன ஆச்சுன்னு பாரு. ஊதறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடு." அதற்கு முன்பு ஒரு ஆட்டத்துக்கு 40க்கும் மேல் ஃபவுல் ஊதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஆடியதைவிட ஃப்ரீ த்ரோவுக்கு வரிசையில் நின்ற நேரம் அதிகம். அந்தக் கடைக்குப் போன பிறகு மூன்றாவது ஆட்டத்தில் 27. ஆட்டம் கைமீறிப் போகவும் இல்லை. இரண்டு கோச்சுகளும் என்னிடம் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். இதற்கு ஆன செலவு மூன்று பிளேட் தட்டுவடை செட், முக்கால் மணி நேரம்.

இதைத்தான் உங்களிடமிருந்து எதிர்பார்த்தேன், ஐயா. உங்களில் மாநிலப் போட்டிகளில் விசில் எடுத்தவர்கள் இருக்கிறீர்கள். எங்களுக்கு இரண்டு வருடத்தில் தெரிய வேண்டியது உங்களுக்கு இருபது வருடமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கியபோது நாங்கள் பன்னிரண்டு பேர் காலை ஆறரைக்கு வந்தோம். முதல் மாதம் மூத்தவர்கள் நான்கு பேர் வந்தீர்கள். அடுத்த மாதம் ஒருவர். அப்புறம் நாங்களே விதிப்புத்தகத்தை வைத்து ஒருவருக்கொருவர் படித்துக்கொண்டிருந்தோம். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. வருகை குறைந்துவிட்டது என்று இப்போது நிறுத்திவிட்டீர்கள். யாருடைய வருகை குறைந்தது என்று வருகைப் பதிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

மேசைப் பணியை நான் தாழ்வாக நினைக்கவில்லை. ஸ்கோர் ஷீட் எழுதியதால் எனக்கு நிறைய நன்மை நடந்திருக்கிறது. ஒரு கால் பகுதியில் ஒரு அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதை மறந்தும் விடமாட்டேன். ஷாட் போட ஒரு அணிக்கு உள்ள நேரத்தைக் காட்டும் 24 விநாடிக் கடிகாரம் எப்போது 14க்குப் போகும், அடுத்து பந்து யாருக்கு என்று காட்டும் அம்புக்குறியை எப்போது திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அங்கே பழகியதுதான். முக்கியமாக, நடுவர் நடந்துகொண்டே விரலைக் காட்டினால் மேசையில் இருப்பவருக்கு எண் தெரியாது என்பதை அங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். இப்போது நான் முஷ்டியை உயர்த்தி ஊதி, மேசைக்கு எதிரே வந்து, நின்று, எண்ணைக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே என்ன ஃபவுல் என்று காட்டுகிறேன். எல்லாப் புதியவர்களும் மேசையில் உட்கார வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு முழு சீசன் அங்கேயே உட்கார்ந்திருந்தால் சந்து தெரியாது, மூச்சு விடப் பழகாது. இரண்டு வருடம் நிறைந்து எங்களை மறுபடி கோர்ட்டுக்குள் விடும்போது நாங்கள் இன்று இருப்பதைவிடப் பின்னால் இருப்போம். அப்போதும் புகார் வரும்.

எங்கள் வீட்டில் தறி ஓடியது. புதிதாக வருகிறவர் கையில் இழை அறுந்துகொண்டேதான் இருக்கும். அறுந்துவிட்டது என்று யாரும் அவரை இரண்டு வருடத்துக்குத் தார் (நாடாவில் வைக்கும் ஊடை நூல்) சுற்றப் போ என்று அனுப்பியதில்லை. என் அப்பா பக்கத்துத் தறியை ஓட்டிக்கொண்டே ஒரு கண்ணை அவர்மேல் வைத்திருப்பார். பாவு நூல் அறுந்தால் போய் நின்று எப்படி முடிச்சுப் போடுவது என்று ஒருமுறை காட்டுவார், இரண்டாவது முறை காட்டுவார். மூன்று மாதத்தில் அவர் தனியாக ஓட்டுவார். அம்மாப்பேட்டையில் தறி பழகிய யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். எங்கள் ஒன்பது பேரில் மூன்று பேர் பெண்கள். பெண்கள் ஆட்டத்துக்குப் பெண் நடுவர் கிடைப்பதில்லை என்று இதே குழுவில் எத்தனை தடவை பேசியிருக்கிறீர்கள். அந்த மூவரில் ஒருத்தி இந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம்க்கா, வீட்லயும் ஏன் போறேன்னுதான் கேக்கறாங்க" என்று எனக்கு மெசேஜ் அனுப்பினாள். அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதுங்கள்.

நான் கேட்பவை இவை.

அந்த நான்கு வரி அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். புதியவர்களுக்கு எந்த வயதுப் பிரிவு வரை ஆட்டம் கொடுக்கலாம் என்று வரையறை வையுங்கள், அதை ஏற்றுக்கொள்கிறோம். பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிரிவுகளில் தொடங்கி, பார்த்துப் பார்த்து மேலே ஏற்றுங்கள். எத்தனை மாதம் ஆகிவிட்டது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், கோர்ட்டில் வந்து பார்த்து முடிவெடுங்கள்.

இனி எந்த ஆட்டத்துக்கும் ஒருவரைத் தனியாக அனுப்பாதீர்கள். முடிந்தவரை ஒரு மூத்தவரோடு ஒரு புதியவர். பணம்தான் தடை என்றால், எனக்குக் கொடுப்பதைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், நான் சம்மதிக்கிறேன். வேறு நான்கு பேரும் சம்மதம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நடுவருக்கு ஏற்பாடு செய்யாத பள்ளியின் அழைப்பை ஏற்க முடியாது என்று சொல்லும் துணிவு நம் குழுவுக்கு வர வேண்டும்.

ஒவ்வொரு புதிய நடுவரின் ஆட்டத்தையும் சீசனில் குறைந்தது மூன்று தடவை உங்களில் ஒருவர் முழுதாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிந்தவுடன் பத்து நிமிடம் பேசினால் போதும். எங்கே நின்றோம், எதைப் பார்த்தோம், எதை விட்டோம் என்று அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கடுமையாகவே எழுதுங்கள். வர முடியாத நாட்களில் ஆட்டத்தைச் செல்போனில் பதிவு செய்து அனுப்புகிறோம், அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

புகார் வந்தால் முதலில் அந்த நடுவருக்கே அனுப்புங்கள். எந்த ஆட்டம், எந்த நிமிடம், எந்த விதி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எங்கள் தரப்பைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். நாங்கள் செய்தது தவறென்றால் தண்டனை கொடுங்கள். சரியென்றால் அந்தப் பள்ளிக்கு நீங்களே விளக்கி எழுதுங்கள். என் மீது வந்த இரண்டு புகார்களுக்கும் அப்படி ஒரு கடிதம் போக வேண்டும். உதடு கிழிந்த அந்தப் பையனின் பள்ளிக்கும் நம் குழு சார்பில் ஒரு மன்னிப்புக் கடிதம் போக வேண்டும். அதை நான் எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மறுபடி தொடங்குங்கள். போட்டிகள் ஆரம்பிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு நாங்கள் ஆறு பேர் வழக்கமான மைதானத்தில் இருப்போம். சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டாகிவிட்டது. பந்தும் விதிப்புத்தகமும் கொண்டுவருகிறோம். என் நோட்டுகளும் இருக்கும், மூன்றாவது பத்தியில் 112 கேள்விகள். உங்களில் ஒருவர் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலின் கடைசி ஒன்பது பேரில் ஒருத்தி,
அம்மாப்பேட்டை, சேலம்